பலகைக்கு வராத அறிவிப்பு

லா செரீனா
9 அக்டோபர் 1996, புதன்

திரு. ஃபெர்மின் அராயா அவர்களுக்கு,

நலம்தானே? வழக்கம்போல ஷிஃப்ட் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாதி படித்துவிட்டு அடுப்படியில் வைத்து மறந்துவிடாமல் கடைசிவரை படிக்கவும்.

முதலில் நல்ல செய்தி. நம் மகள் யாஸ்னாவுக்கு உங்கள் மலை வானாய்வு மையத்தில் கோடைப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கோடை விடுமுறை முழுக்க, ஜனவரி, பிப்ரவரி, எட்டு வாரம். ஒரு விஞ்ஞானிக்குக் கீழே நட்சத்திரங்களின் ஒளியை அளந்து கணக்கிடும் வேலை. மூன்றாம் வருட மாணவிக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு இடம்தான். திங்கட்கிழமை கடிதம் வந்தது. துறைக்கு வரும் தபாலைப் பிரிப்பவள் நான்தானே. பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

இனி மற்றது. இப்படி ஒரு பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் வானியல் மாணவர்களுக்கான 'செய்திகளும் வாய்ப்புகளும்' தாளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டுகிறவள் நான். சாண்டியாகோ கோடைப் பள்ளி, சுற்றுலாக்காரர்களுக்கு வானம் காட்டும் பகுதிநேர வேலை, ஹாலந்துப் பேராசிரியரின் உரை, நூலகத்தில் யாரோ விட்டுப்போன கால்குலேட்டர் என்று எதுவாக இருந்தாலும் என் மேசைக்கு வந்துதான் பலகைக்குப் போகும். பதினோரு வருடமாக அப்படித்தான். இது மட்டும் வரவில்லை. பலகைக்கே வராத ஒன்றுக்கு என் மகள் மட்டும் விண்ணப்பித்திருக்கிறாள்.

நேற்று இக்னாசியோ வந்தான். நான்காம் வருடம், வகுப்பில் முதலாவது வருகிறவன். பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு வந்திருந்தான்.

"ஆகஸ்ட்ல இருந்து எல்லாத்தையும் பாத்துட்டேன் மேடம். ஒண்ணுலயும் இல்ல."

"எனக்கும் வரலைப்பா."

"அப்போ யாஸ்னாவுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நட்சத்திரம் வந்து காதுல சொல்லிச்சா?"

வாசலில் நின்ற மூன்று பேர் சிரித்தார்கள். நான்கு வருடமாக என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்ட பிள்ளை, நேற்று மேடம் என்றான்.

வீட்டில் யாஸ்னாவைக் கேட்டேன். "யாரோ சொன்னாங்கம்மா, ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது தலைமுடி காய்ந்தே இருந்தது.

மலை உங்களுடையது. பஸ் உங்களுடையது. மகளும் உங்களுடையவள். இதில் உங்கள் கை இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை. நடுவில் வேறு கதை வேண்டாம்.

நொயேலியா

*

மலை
12 அக்டோபர், சனி

அன்புள்ள நொயேலியா,

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நான் 'திரு' ஆகிவிட்டேன்! உறைமேல் அதைப் பார்த்ததும் யாரோ வக்கீல் எழுதியிருக்கிறார் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் பிரித்தேன்.

நம் பெண் இங்கே வருகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மூன்று தடவை படித்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் நிறுத்தச் சொல்லிச் சத்தமாகவும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லாம் அப்படியேதான். விஞ்ஞானிகள் மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்துவந்து பொரித்த முட்டை கேட்கிறார்கள். நாம் சாயங்காலத் தேநீருக்கு உட்காரும் நேரத்தில் அவர்களுக்கு விடிகிறது. நரி ஒன்று சமையலறைப் பின்வாசலுக்குத் தினமும் வருகிறது. ரொட்டி கொடுத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, இறைச்சிதான் வேண்டுமாம். போன வாரம் நான்கு நாள் காற்று. பஸ்கூட ஏறவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. அந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெங்காயமும் பூசணியும்தான் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பர் இருபதோடு தேதி முடிந்துபோன விஷயம். கேட்டது ஒரு பக்கக் கட்டுரை, மதிப்பெண், ஒரு சிபாரிசுக் கடிதம். தங்க அறை, சாப்பாடு, குளிருக்கு ஜாக்கெட்கூடக் கொடுக்கிறார்கள். கிடைத்திருக்கிறது, போகட்டுமே. அந்த இக்னாசியோவின் அப்பா எஞ்சினியர். அவனுக்கு இது போனால் இன்னொன்று வரும். நம் பெண்ணுக்கு எத்தனை வரும்?

உடம்பைப் பார்த்துக்கொள். பழைய தோள்வலி எப்படி இருக்கிறது? தட்டச்சு செய்யும்போது நடுவில் எழுந்து நட.

என்றும் உன்,
ஃபெர்மின்

*

லா செரீனா
16 அக்டோபர், புதன்

ஃபெர்மின்,

தோள்வலியை விசாரித்ததற்கு நன்றி. அந்த அக்கறையைப் பொய் சொல்வதில் காட்டியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் மாட்டியிருக்க மாட்டீர்கள்.

நான் கடைசித் தேதியை எழுதினேனா? கட்டுரை, சிபாரிசு, ஜாக்கெட் பற்றி ஒரு சொல் எழுதினேனா? எனக்கே தெரியாது, எப்படி எழுதுவேன்! பார்க்காத தாளை மனப்பாடமாகச் சொல்கிற சமையல்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் கடிதம் கையில் இருக்கும்போதே மலை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருக்கிற பெண் நல்ல மாதிரி. பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள். "செப்டம்பர் மூணாம் தேதி உறையை அனுப்பிட்டோமே. ஷிஃப்ட் முடிஞ்சு எறங்கறவரு கையில குடுத்தோம். அராயான்னு கையெழுத்து இருக்கு. உங்க வீட்டுக்காரரு இல்லையா?" "ஆமாம்" என்றேன்.

இங்கே நிலைமை இது. மாணவர்கள் இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டுத் துறைத் தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். யாஸ்னா சிபாரிசுக் கடிதத்தை வானியல் துறையில் யாரிடமும் கேட்காமல் கணிதத் துறையில் போய் வாங்கியிருக்கிறாள் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். துறைத் தலைவரான பேராசிரியர் உர்சுவா என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். இத்தனை வருடத்தில் அவர் எனக்காகக் கதவைச் சாத்தியதில்லை.

"நொயேலியா, உங்கமேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா இந்த வாரம் தாள் போட வேணாம். உங்க டிராயரை ஒருதடவை பாத்துக்கலாமா? சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

சந்தேகம் இல்லாதவருக்கு டிராயர் எதற்கு? திறந்து காட்டினேன். ரப்பர் முத்திரைகள், தலைவலி மாத்திரை, பாதி பிஸ்கட் பாக்கெட். அவரும் வெட்கப்பட்டார், நானும் வெட்கப்பட்டேன். வெள்ளிக்கிழமை பலகையில் முந்தின வாரத் தாளே தொங்கும். நடைவழியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. காப்பி மெஷின் பக்கத்தில் இருந்த பெண்கள் நான் வருவதைப் பார்த்ததும் கப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

உண்மையைச் சொல். உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கினாய். பிறகு அது எங்கே போனது? நீ இப்படித்தான். முழுப் பொய்யும் சொல்லமாட்டாய், முழு உண்மையும் சொல்லமாட்டாய். இரண்டு வருடம் முன்னால் ஷிஃப்ட் முடிந்து செவ்வாய் இறங்கியவன் வியாழன்தான் வீட்டுக்கு வந்தாய். சலவைப் பிரிவு லிடியாவும் அதே பஸ்ஸில்தான் இறங்கினாள் என்று உன் பஸ்காரர்களே சொன்னார்கள். கேட்டதற்கு என்ன சொன்னாய்? "நீ என்ன நினைக்கிறியோ நினைச்சுக்கோ." அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்துக்கொள்ள முடியாது. என் வேலை போகும்.

நொயேலியா

*

மலை
19 அக்டோபர், சனி

அன்புள்ள நொயேலியா,

சரி. எழுதிவிடுகிறேன்.

உறையை நான்தான் எடுத்துவந்தேன். பஸ்ஸிலேயே பிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் நம் பெண் ஞாபகம் வந்தது. உன்னிடம் தராமல் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். தேசிய விடுமுறைக்கு யாஸ்னா விகுன்யாவில் நான் இப்போது தங்கும் என் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தாள் அல்லவா? அப்போது, "இப்படி ஒண்ணு இருக்கு, எல்லாரும் போடறாங்க, நீயும் போடு" என்று சொன்னேன். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் அவள் விண்ணப்பித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் ஒன்றும் தெரியாது. செய்தது நான்.

உர்சுவாவுக்கு இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. இங்கே மேலாளருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதே. உறை கொண்டுபோகும் வேலையை நிறுத்துவார்கள். சமையலறையிலிருந்தும் நிறுத்தினால் கொகிம்போ துறைமுகத்தில் ஹோட்டலா இல்லை?

பெண்ணை ஒன்றும் கேட்காதே. பரீட்சை நேரம்.

உன்,
ஃபெர்மின்

*

லா செரீனா
29 அக்டோபர், செவ்வாய்

ஃபெர்மின்,

உர்சுவாவுக்கு நீ எழுதிய கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கொடுக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. நீதான் என்றால் எனக்குப் பழகிப்போன விஷயம். பையில் வைத்துக்கொண்டு அன்று மாலையே உர்சுவா வீட்டுக்குப் போகக் கிளம்பிவிட்டேன். ஷூ போடும்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமைதோறும் தாளைத் தட்டச்சு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். யாஸ்னா அதைச் சத்தமாகப் படிப்பாள், நான் எழுத்துப்பிழை திருத்துவேன். செப்டம்பர் முழுக்க அப்படித்தான் நடந்தது. "எல்லாரும் போடறாங்க" என்று நீ சொல்லியிருந்தால், அந்தத் தாளில் அது இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு தடவைகூட, "அம்மா, மலை விஷயத்தை விட்டுட்டே" என்று அவள் சொல்லவில்லையே.

ஷூவைக் கழற்றினேன். அவள் சமையலறையில் அவகாடோ மசித்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முடிக்கவிடவில்லை.

"நிறுத்தும்மா. அப்பா பொய் சொல்றாரு."

"எது பொய்?"

"எல்லாம். அவரு உறையைப் பிரிக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டுல எங்கிட்ட குடுத்தாரு. 'உங்கம்மா மேசையில வச்சுடு, நான் நேர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவா'ன்னாரு. பிரிச்சது நான். வச்சுக்கிட்டது நான். பேரு வந்த பிறகுதான் போன் பண்ணி அவர்கிட்ட சொன்னேன். அழுதேன். 'சும்மா இரு, நான் பாத்துக்கறேன்'னாரு."

"எதுக்குடி இப்படிப் பண்ணே? நேரா போட்டாலே உனக்குக் கிடைச்சிருக்காதா?"

"நேரா போட நீ விட்டிருப்பியா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வருஷம் சாண்டியாகோ கோடைப் பள்ளிக்கு ஃபாரம் நிரப்பி உன் மேசையில வச்சேன். ரெண்டு இடம். நீ என்ன பண்ணே? செயலாளர் பொண்ணுக்கே குடுத்துட்டாங்கன்னு பேசுவாங்கன்னு சொல்லி அதை அனுப்பவே இல்ல. அதுல ஒரு இடத்துக்கு யாருமே போகலம்மா. காலியாவே போச்சு. நீ ஒண்ணைப் பிடிச்சு வச்சா அது நேர்மை, நான் வச்சா திருட்டா?"

அந்த ஃபாரத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன், துணி அலமாரியில் விரிப்புகளுக்கு அடியில். அவள் போய் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். எப்போதிலிருந்து அவளுக்குத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அவகாடோவை யாரும் தொடவில்லை. கறுத்துப்போனதைக் கொட்டினேன்.

போன வாரம் திங்கட்கிழமை காலை அவளே உர்சுவாவின் அறைக்குப் போனாள். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். அவள் வெளியே வந்த பிறகு நான் உள்ளே போனேன். அந்தச் சாண்டியாகோ ஃபாரத்தை அவர் முன்னால் வைத்து அதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ரெண்டு பேரும் என்கிட்ட முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் திட்டினார்.

முடிவு இது. மலைக்காரர்களிடம் பேசி அந்த இடத்தைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். நவம்பர் 15 கடைசித் தேதி. யாஸ்னா ஒரு வருடத்துக்கு எதற்கும் விண்ணப்பிக்கக் கூடாது. அவள் கோப்பில் குறிப்பும் ஏறியிருக்கிறது. வெளியேற்றவில்லை. உர்சுவா அதற்காக ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினாராம். உன் பெயர் எங்கேயும் வரவில்லை. உன் கையெழுத்து உறை வாங்கியதற்கு மட்டும்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தாள் இனி என்னிடம் இல்லை. நூலகத்துப் பெண் செய்வாள். கடைசித் தாளை மட்டும் நானே அடிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் செய்தியாக மலைப் பயிற்சி. அதற்குக் கீழே, "இந்த அறிவிப்பு செப்டம்பரிலேயே வந்தது. துறைச் செயலாளரின் வீட்டில் தங்கிவிட்டதால் தாமதமாக வெளியாகிறது. மாணவர்கள் மன்னிக்கவும்" என்று சேர்த்தேன். வெள்ளிவரை காத்திருக்காமல் இன்றே ஒட்டிவிட்டேன். பலகை முன்னால் கூட்டம் கூடியது. ஓவாயேயிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற காரென் என்ற இரண்டாம் வருடப் பெண், "ரெண்டாம் வருஷமும் போடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். போடலாம் என்றேன். இக்னாசியோ முழுவதும் படித்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றான். ஆன்ட்டி இல்லை. இருக்கட்டும்.

இனி உனக்கு.

பெண்ணுக்காக உன் வேலையையே பணயம் வைத்தாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்பினேன். நீதான் என்றதும் நிம்மதி என்று எழுதினேனே, அதை நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. மூன்று வாரமாகத் துறையில் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படித்தானே நான் உன்னைப் பார்த்திருக்கிறேன்? சட்டைப் பையைத் தடவினேன், பஸ்காரர்களிடம் விசாரித்தேன், உன் அக்காவிடம் துருவிக் கேட்டேன். டிராயரைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அதனால் கேட்கிறேன். லிடியா விஷயத்திலும் இதே மாதிரித்தானா? அன்றைக்கும் யாரையாவது காப்பாற்றத்தான் "நினைச்சுக்கோ" என்று சொன்னாயா? அப்படியானால் இரண்டு வருடத்தை நான் வீணாக்கிவிட்டேன். நவம்பர் 10 ஞாயிறு மதியம் வீட்டுக்கு வா. சோளமும் பூசணியும் போட்ட பீன்ஸ் செய்கிறேன். நீ செய்வதுபோல் வராது. பரவாயில்லை.

உன்,
நொயேலியா

*

மலை
6 நவம்பர், புதன்

அன்புள்ள நொயேலியா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். ஜெர்மன்கார விஞ்ஞானி ஒருவர் ஒரு ஜக் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொலைநோக்கிக்குப் போனார்.

யாஸ்னா நேரே போய்ச் சொன்னாள் என்று படித்தபோது பெருமையாக இருந்தது. அந்தத் துணிச்சல் என்னிடமிருந்து வரவில்லை.

நீ என்னை ரொம்ப நல்லவனாக நினைத்துவிட்டாய். அந்தக் கடிதத்தை எழுத நான் ஒன்றும் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. என்மேல் போட்டால் நீ உடனே நம்புவாய் என்று தெரியும். பெண்மேல் என்றால் உன்னால் தாங்க முடியாது என்றும் தெரியும். ஏற்கெனவே கறைபட்ட சட்டைதானே, இன்னொரு கறை பட்டால் என்ன என்று எழுதிவிட்டேன்.

அந்த முதல் கறை உண்மை, நொயேலியா.

செவ்வாய் இறங்கி வியாழன் வந்தேனே, அந்த இரண்டு நாளும் லிடியாவின் வீட்டில்தான் இருந்தேன். அந்த ஒரு தடவை மட்டும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க. யாரையும் காப்பாற்றுவதற்காக "நினைச்சுக்கோ" என்று சொல்லவில்லை. உண்மை சொல்லப் பயம், உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் பயம். அதனால் அப்படிச் சொன்னேன். வசந்தத்தில் அது முடிந்துபோயிற்று. அவள் வேலையை விட்டுக் கோபியாபோ போய்விட்டாள். பிறகு ஒன்றும் இல்லை. நீ பையைத் தடவியது சரி. பஸ்காரர்கள் சொன்னதும் சரி.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒன்றும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிடலாம், நீயே கதவைத் திறந்து வைத்திருக்கிறாய் என்று தோன்றியது. நரிக்கு இறைச்சி போட்டுக்கொண்டே நாள்கணக்கில் அதைத்தான் யோசித்தேன். முடியவில்லை. நீ மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டியவன் நான். உன் மன்னிப்பை வாங்கிக்கொண்டு உன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால், அது லிடியா வீட்டுக்குப் போனதைவிடக் கேவலம்.

இதைப் படித்த பிறகும் ஞாயிறு என்று நீ சொன்னால் வருகிறேன். இல்லையென்றால் புரிந்துகொள்வேன்.

ஃபெர்மின்

*

லா செரீனா
8 நவம்பர், வெள்ளி

ஃபெர்மின்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே படித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வந்து மூன்று போனுக்குப் பதில் சொன்னேன்.

நீ 'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராக, பீன்ஸைக்கூட வாங்கிவைத்திருந்தேன். இப்போது உன்மேல் எனக்கு இருக்கும் கோபம், இரண்டு வருடமாக இருந்த கோபம் இல்லை. அது ராத்திரி பகல் அரித்துக்கொண்டே இருந்தது. இது அப்படி இல்லை. வலிக்கிறது, ஆனால் எங்கே வலிக்கிறது என்று தெரிகிறது.

ஞாயிறு வரவேண்டாம். என்னால் முடியாது. யாஸ்னா விகுன்யாவுக்கு உன்னைப் பார்க்க வருவாள். அவளைத் திட்டாதே. ரொம்பக் கொஞ்சவும் செய்யாதே. அந்தக் காரென் விண்ணப்பத்தை நிரப்ப அவள்தான் உதவி செய்துகொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகச் செய்கிறாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் உனக்கு இன்னும் இரண்டு ஷிஃப்ட் இருக்கிறது இல்லையா? அதற்குள் எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மாட்டேன்.

அதுவரை கடிதம் போடு. நரியைப் பற்றி எழுதினாலும் சரி.

நொயேலியா